மறுபடி ஒரு தொற்று வந்தால்: புதிதாகக் குடித்தனம் நடத்துகிற கடற்கரைப் பிள்ளைகளுக்கு

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடியபோது பத்தாவது படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் சிலர் இப்போது கல்யாணம் முடித்துத் தனிக்குடித்தனமே போய்விட்டார்கள். என் நாத்தனார் மகளும் அப்படித்தான். தங்கச்சிமடத்தில் வாடகைக்கு வீடு பார்த்துச் சாமான் எல்லாம் அடுக்கி முடித்த அன்றைக்குச் சாயங்காலம், "அத்தை, திரும்பவும் கொரோனா மாதிரி ஒன்னு வந்தா வீட்டை நான் எப்படி நடத்துறது? அப்ப எல்லாத்தையும் நீங்கதானே பாத்தீங்க, எனக்குப் பரீட்சை இல்லாம பாஸ் போட்டது மட்டுந்தான் ஞாபகம் இருக்கு" என்று கேட்டாள். அவளுக்கு அன்றைக்கு வாயால் சொன்னதையும், அப்புறம் வீட்டுக்கு வந்து யோசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். ராமேஸ்வரம் தீவு, மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை, ஏர்வாடி, அந்தப் பக்கம் தேவிபட்டினம், தொண்டி என்று கடலை ஒட்டிக் குடியிருக்கிற யாருக்கும் இது பொருந்தும்.

முதலில் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். நமக்குக் காத்திருப்பது புதிதில்லை, வருடா வருடம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகைக் கட்டிப்போட்டுவிட்டு இருக்கிறோம். ஆனால் தடைக்காலத்துக்கு முடிகிற தேதி உண்டு. தொற்றுக்குக் கிடையாது. 2020-ல் முதலில் 21 நாள் என்றார்கள், அது முடிவதற்குள் நீட்டித்தார்கள், அப்புறம் மறுபடி நீட்டித்தார்கள். படகுகள் மார்ச்சிலிருந்தே கரையில் கிடந்ததால் அந்த வருடத் தடைக்காலத்தைக்கூட 47 நாளாகக் குறைத்து மே 31-ல் முடித்தார்கள். அடுத்த வருடம் மே மாதம் அதைவிடப் பெரிய அலை வந்தது. அதனால் நாட்களை எண்ணாதீர்கள். மூன்று வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு நாலாவது வாரம் வெறுத்துப்போய் எல்லாவற்றையும் விட்டுவிடுகிற விதியைப் போட்டு எந்தப் பயனும் இல்லை. ஒரு வருடம், ஒன்றரை வருடம் தாங்குகிற மாதிரி லேசான விதியாகப் போடுங்கள், அதைத் தினமும் பிடியுங்கள். கீழே நான் சொல்வது எல்லாமே அந்தக் கணக்கில்தான்.

என்ன நோய், எதன் வழியாகப் பரவுகிறது

எதையும் வாங்குவதற்கு முன்னால், எதையும் பூட்டுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் வழியாகப் பரவுகிற நோய் என்றால் செய்ய வேண்டியது வேறு, கொசு வழியாக என்றால் வேறு, மூச்சுக்காற்று வழியாக என்றால் வேறு. சுகாதாரத் துறை சொல்வதைக் கேளுங்கள், சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் போட்டுக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வருகிற குரல் பதிவை நம்பி முடிவெடுக்காதீர்கள். அந்த வருடம் கோழியில் வருகிறது, மீனில் வருகிறது என்று என்னென்னவோ சுற்றியது, நஷ்டப்பட்டது கோழிக் கடைக்காரரும் நம்ம மீன்காரப் பெண்களும்தான்.

நாங்கள் இதில்தான் தவறினோம். 2020-ல் கடைச் சாமான் வந்தால் பால் பாக்கெட் முதற்கொண்டு சோப்புத் தண்ணீரில் கழுவினோம். கத்திரிக்காயை மஞ்சள் தண்ணீரில் ஊறப்போட்டோம். ரூபாய் நோட்டை வெயிலில் காயவைத்தோம். அவ்வளவும் செய்துவிட்டு, சாயங்காலம் ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துப் பதினோரு பேர் ஒரே அறையில், கொசுவுக்காக ஜன்னலைச் சாத்திக்கொண்டு டிவி பார்த்தோம். 2021 வைகாசியில் அந்தப் பதினோரு பேரில் ஏழு பேருக்குக் காய்ச்சல். பொருளைத் தொட்டு வருவதைவிட, மூடிய இடத்தில் ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுப்பதால் வருவதுதான் மிக அதிகம் என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. காய்ச்சல் தெரிவதற்கு இரண்டு நாள் முன்னாலிருந்தே ஒருவர் மற்றவருக்குப் பரப்ப முடியும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், "அவனுக்குத்தான் ஒன்னும் இல்லையே" என்று சொல்லி யாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள முடியாது.

இனிமேல் நான் எழுதுவது மூச்சுக்காற்றில் பரவுகிற நோய்க்கு.

வீட்டுக்குள் காற்றை ஓடவிடுங்கள்

நமக்கு இருக்கிற பெரிய சொத்து காற்று. நகரத்தில் அடுக்குமாடியில் இருக்கிறவர்களுக்கு இது கிடைக்காது. ஆனால் காற்று இருக்கிறது என்பதாலேயே அது வீட்டுக்குள் வந்துவிடாது, வழி விட வேண்டும்.

ஒரு சாம்பிராணியையோ ஊதுபத்தியையோ கொளுத்தி, ராத்திரி நீங்கள் எல்லாரும் படுக்கிற அறையின் நடுவில் வையுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டுப் பாருங்கள். புகை நேராக மேலே போய் ஓட்டுக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தால் அந்த அறையில் நீங்கள் விடுகிற மூச்சும் அப்படித்தான் நிற்கிறது. எதிர் எதிராக ஒரு ஜன்னலையும் ஒரு கதவையும் திறந்துவிட்டு மறுபடி பாருங்கள், புகை சாய்ந்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வெளியே போகும். எந்த ஜன்னலைத் திறந்தால் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனி ஆடியில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும், ஐப்பசிக்கு மேல் வாடை வடகிழக்கிலிருந்து வரும், அதனால் காற்று நுழைகிற ஜன்னல் வருடத்துக்கு இரண்டு தடவை மாறும். ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள்.

கச்சான் அடிக்கிறபோது ஜன்னலைத் திறந்தால் மணல் வந்து சோற்றுச் சட்டியில் விழும், தெரியும். பழைய நைலான் கொசுவலையை இரண்டாக மடித்து ஜன்னலில் அடித்துவிடுங்கள், மணலும் பெருமளவு நிற்கும், கொசுவும் வராது, காற்றும் ஓரளவு வரும். டெங்கு வருகிற ஊரில் கொசுவா தொற்றா என்று ஒன்றை மட்டும் பார்க்க முடியாது. ஜன்னலே இல்லாத அறை என்றால் கதவுக்கு நேராக ஒரு டேபிள் ஃபேனை வெளியே பார்த்து வையுங்கள். உள்ளே இருக்கிற காற்றை அது வெளியே தள்ளும், புதுக் காற்று வேறு சந்து வழியாகத் தானே வரும்.

யாராவது வீட்டுக்கு வந்தால் உள்ளே கூப்பிடாமல் திண்ணையில் உட்கார வையுங்கள். திண்ணை இல்லாத புது வீடாக இருந்தால் வாசலில் வேப்ப மரத்தடியில் இரண்டு நாற்காலியைப் போட்டுவிடுங்கள். இடைவெளி 6 அடி, அதாவது ஒரு கோரைப்பாய் நீளம். நாங்கள் நிஜமாகவே ஒரு பழைய பாயை இடையில் விரித்துப்போட்டு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசியிருக்கிறோம், வந்தவரை "தள்ளி உக்காருங்க" என்று வாயால் சொல்கிற சங்கடம் இல்லை. காற்று இரண்டு பேருக்கும் பக்கவாட்டில் போகிற மாதிரி உட்காருங்கள், ஒருவர் முதுகுப் பக்கமிருந்து அடித்தால் அவர் மூச்சு நேராக எதிரில் இருப்பவர் முகத்துக்குத்தான் போகும்.

யாரோடு சேர்ந்து இருப்பது

எல்லாரையும் விட்டு விலகி ஒரு வருடம் யாராலும் இருக்க முடியாது. அதனால் விலகுவதற்கு முன்னால் யாரோடு சேர்ந்து இருக்கப்போகிறோம் என்று முடிவு பண்ணுங்கள். உங்கள் வீடு, கூட இன்னும் ஒரே ஒரு வீடு. அம்மா வீடாகவோ மாமியார் வீடாகவோ பக்கத்து வீடாகவோ இருக்கட்டும், ஆனால் ஒன்றுதான். அந்த இரண்டு வீட்டிலும் யார் வெளியே போகிறார், எங்கே போகிறார் என்று ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிக்கொள்ள வேண்டும். அந்தப் பேச்சு வெளிப்படையாக நடக்காத வீட்டோடு சேராதீர்கள், சொந்தமாக இருந்தாலும் சரி.

கடலுக்குப் போகிறவர்களுக்கும் இதே கணக்குதான். விசைப்படகில் ஐந்தாறு பேர் காலையில் போய் மறுநாள் காலையில் கரை திரும்புகிறார்கள், ஒரே சட்டியில் சாப்பிட்டு ஒரே கேபினில் படுத்து வருகிறார்கள், அங்கே 6 அடி இடைவெளி பேசுவது நடக்காத காரியம். அதனால் ஆளை மாற்றாதீர்கள். ஒரு படகுக்கு ஒரே ஆட்கள், தொற்றுக் காலம் முழுக்க. ஒருவருக்குத் தொண்டை கரகரத்தால் அவர் கரையில் நிற்கட்டும், அவர் பங்கில் பாதியையாவது வீட்டில் கொடுத்துவிடுங்கள். பங்கு கிடைக்காது என்ற பயத்தில்தான் ஆட்கள் காய்ச்சலை மறைத்துக்கொண்டு படகு ஏறுகிறார்கள். ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேர் கடலுக்குப் போனால் இரண்டு பேரும் ஒரே படகில் போவது நல்லது. இல்லாவிட்டால் இரண்டு படகு ஆட்களும் உங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து சேர்ந்துவிடுவார்கள்.

கடல்பாசி எடுக்க வத்தையில் (சின்ன நாட்டுப்படகில்) போகிற அக்காமார்களும் அதே ஆளோடு அதே வத்தையில் போங்கள். ஏலம் நடக்கிற இடத்தில்தான் அபாயம் அதிகம், ஏலம் கூறுபவர் சத்தம் போடுவார், சுற்றி நாற்பது பேர் குனிந்து மீனைப் பார்ப்பார்கள். சத்தமாகப் பேசுகிறபோது மூச்சில் கிளம்புவது பல மடங்கு கூடும். ஒரு படகுச் சரக்குக்கு ஒரு வியாபாரி வீட்டிலிருந்து ஒரு ஆள் மட்டும் என்று ஊர்க்கூட்டத்தில் பேசி வைத்துவிடலாம், எங்கள் பக்கம் அப்படித்தான் செய்தோம், முதல் வாரம் சண்டை வந்தது, அப்புறம் பழகிவிட்டது. மீனை விற்கத் தலைச்சுமையாகவோ ஷேர் ஆட்டோவிலோ போகிறவர்கள் ஆட்டோவின் படுதாவைச் சுருட்டி மேலே கட்டச் சொல்லுங்கள், மழை பெய்தாலும் ஒரு பக்கமாவது திறந்திருக்கட்டும்.

கை, முகம்

இதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வெளியே போய் வந்ததும், சாப்பிடுவதற்கு முன்னால், 20 நொடி சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நல்ல தண்ணீரைக் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிற ஊரில் அதைக் கை கழுவ ஊற்ற யாருக்கும் மனம் வராது, ஊற்றவும் வேண்டாம், கிணற்று உவர் தண்ணீரே போதும். ஒரே சிக்கல், உவரில் சோப்புக்கட்டி நுரைக்காது. பாத்திரம் தேய்க்கிற திரவ சோப்பு இரண்டு சொட்டு விட்டால் நன்றாக நுரைக்கும். வாசலில் ஒரு பழைய ஐந்து லிட்டர் கேனைத் தொங்கவிட்டு மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு வைத்தால், சாய்த்தால் கொஞ்சமாக ஊற்றும், ஒரு கேன் வீட்டுக்கு ஒரு நாளைக்கு வரும்.

முகக்கவசம் மூக்கை மூட வேண்டும், ஓரத்தில் இடைவெளி இருக்கக் கூடாது. என்95 கிடைத்தால் அதுதான் நல்லது, மூடிய இடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதை எடுத்து வையுங்கள். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் ஒரு மணி நேரத்தில் வியர்வையில் நனைந்துவிடும், நனைந்தால் மூச்சு முட்டும், உடனே கழுத்துக்கு இறக்கிவிடுவோம். அதனால் வெளியே போகும்போது இரண்டு எடுத்துப் போங்கள், நனைந்ததைத் தனியாக ஒரு பையில் போடுங்கள். யாரும் இல்லாத கடற்கரையில் நடக்கும்போது கழற்றிவிடுங்கள். தேவையில்லாத இடத்தில் போட்டு அலுத்துப்போனால் தேவையான இடத்தில் போட மாட்டோம்.

சாமான், மாத்திரை, காசு

மூன்று வாரத்துக்கு வேண்டியதை வைத்திருங்கள், அதற்கு மேல் பதுக்காதீர்கள். அரிசி, பருப்பு, புளி, எண்ணெய், கருப்பட்டி. பங்குனி சித்திரை வெயிலில் நெத்திலி, சாளைக் கருவாடு போட்டு நன்றாகக் காயவைத்து டின்னில் அடைத்துவிடுங்கள், வாடைக் காலத்துக்கும் வரும், ஆனால் ஐப்பசியில் ஒரு தடவை வெளியே எடுத்து வெயில் காட்டாவிட்டால் பூசணம் பிடித்துவிடும். ரேஷன் கடைக்கு டோக்கனில் போட்டிருக்கிற நாளுக்கும் நேரத்துக்கும் போங்கள். 2020 ஏப்ரலில் 1000 ரூபாயும் விலையில்லா அரிசியும் கொடுத்தபோது டோக்கன் போட்டும் முதல் நாளே எல்லாரும் போய் நின்றோம்.

மாத்திரைதான் மறக்கிற விஷயம். சர்க்கரை, பிரஷர், தைராய்டு, வலிப்பு, ஆஸ்துமா, எது தினமும் போடுகிற மருந்தோ அது எப்போதும் ஒரு மாதத்துக்குக் கையில் இருக்கட்டும். பாதி தீர்ந்ததும் வாங்கப் போக வேண்டும், முழுக்கத் தீர்ந்த பிறகு போகக் கூடாது. என் மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்து, கடை அடைப்பில் எட்டு நாள் இல்லாமல் இருந்து, காலில் இருந்த ஒரு சின்னக் காயம் ஆறவே மாதக்கணக்காகிவிட்டது. இப்போது மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது, 2021 ஆகஸ்டில் தொடங்கியது, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீட்டிலேயே வந்து பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். வீட்டுப் பெரியவர் பெயரைத் தொற்று வருவதற்கு முன்னாலேயே அதில் சேர்த்து வையுங்கள்.

காசு விஷயத்தில் நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். வியாபாரியிடம் முன்பணம் வாங்கி ஆரம்ப மாதத்தையே ஓட்டிவிடாதீர்கள், முதல் மாதம் எப்படியாவது ஓடிவிடும், நாலாவது மாதம்தான் கழுத்தைப் பிடிக்கும். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தபோது சங்குக் கடை, ஆட்டோ, லாட்ஜ் வேலை என்று யாத்ரீகர்களை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் கடலுக்குப் போகிறவர்களைவிட அதிகம் நொந்துபோனார்கள். வீட்டில் ஒருவர் கோவில் பக்கத்து வேலை பார்த்தால் இன்னொருவர் வேறு ஏதாவது கற்று வைத்திருப்பது நல்லது.

வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால்

இதை நிதானமாகப் படியுங்கள். நம்மில் நிறைய வீடு ஒரு அறை, ஒரு சமையல்கட்டுதான். தனி அறை கொடு, தனி கழிப்பறை கொடு என்று சொல்வது எளிது. எங்களுக்கு இருந்தது பின்பக்கம் வலை போட்டு வைக்கிற கீற்றுக் கொட்டகை. வலைகளை எடுத்து வெளியே போட்டுவிட்டு, தரையில் மணலைச் சமப்படுத்தி, கயிற்றுக் கட்டிலைப் போட்டு, மேலே தார்ப்பாய் கட்டினோம். பக்கத்தில் கீற்று முழங்கால் உயரத்துக்கு மேல் திறந்தேதான் இருந்தது, காற்று அப்படிப் போனது. நோயாளிக்கு அதுதான் நல்ல இடம், பார்த்துக்கொள்கிறவருக்கும்தான். கொட்டகை இல்லையென்றால் அறையின் காற்று வெளியேறுகிற பக்கத்து ஜன்னலுக்கு அடியில் நோயாளியைப் படுக்க வைத்து, இடையில் பழைய சேலையைக் குறுக்கே கட்டுங்கள். காற்று நுழைகிற பக்கம் படுக்க வைத்தால் அவர் மூச்சுதான் வீடு முழுக்கப் பரவும்.

பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஆள். அறுபது தாண்டியவரோ வேறு நோய் உள்ளவரோ கர்ப்பிணியோ வேண்டாம். கழிப்பறை ஒன்றுதான் என்றால் நோயாளி கடைசியாகப் போகட்டும், ஜன்னலைத் திறந்துவிட்டு வரட்டும், அடுத்தவர் அரை மணி நேரம் கழித்துப் போகட்டும். தட்டு தம்ளர் தனி. 2021-ல் சொன்ன கணக்கு, அறிகுறி தொடங்கி குறைந்தது 10 நாள், அதில் கடைசி 3 நாள் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது. அடுத்து வருகிற நோய்க்கு நாள் கணக்கு மாறும், அப்போது சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கிற ஆக்சிமீட்டர் ஒன்று ஊருக்கு நாலு வீட்டிலாவது இருக்கட்டும், எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும் என்று இல்லை, கேட்டால் கொடுக்கிற மனம் இருந்தால் போதும். நகப்பூச்சும் மருதாணியும் இல்லாத விரலில் மாட்டுங்கள். கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். அசையாமல் ஒரு நிமிடம் இருந்து நிலையாக நிற்கிற எண்ணை எழுதுங்கள், முதலில் தெரிகிற எண்ணை நம்பாதீர்கள். காலை, மதியம், ராத்திரி. உட்கார்ந்திருக்கும்போது நன்றாக இருந்தாலும், வீட்டுக்குள்ளேயே ஆறு நிமிடம் நடக்கவிட்டு மறுபடி பாருங்கள், நடந்த பிறகு சட்டென்று இறங்கினால் நுரையீரல் திணற ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். 94-க்குக் கீழே போனால் கஷாயம் வைத்துப் பார்க்கலாம், காலையில் போகலாம் என்று நினைக்காதீர்கள். கொரோனாவில் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரைதான் பலருக்கு மூச்சு மோசமானது, முதல் நாலு நாள் சாதாரணக் காய்ச்சல் மாதிரியே இருந்து ஏமாற்றியது. சிலர் 85-ல் இருந்துகொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தீவில் இருக்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் முன்கூட்டியே கிளம்ப வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் போக 50 கிலோமீட்டருக்கு மேல், வழி பாம்பன் பாலம் ஒன்றுதான். ராமநாதபுரத்தில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2022 ஜனவரியில் திறந்தார்கள், அங்கிருந்தும் மதுரைக்கு அனுப்ப வேண்டி வந்தால் தீவிலிருந்து மொத்தம் சுமார் 170 கிலோமீட்டர். 108 வருகிற வரைக்கும் நோயாளியைக் குப்புறப் படுக்க வையுங்கள், நெஞ்சுக்கு அடியில் ஒரு தலையணை, இடுப்புக்கு அடியில் ஒன்று, கர்ப்பிணி என்றால் மட்டும் இடது பக்கம் ஒருக்களித்து. என் கொழுந்தனுக்கு 89-லிருந்து 93 வரை இப்படிப் படுத்தே ஏறியதை நான் கண்ணால் பார்த்தேன், அந்த ஒரு மணி நேரத்துக்கு அது தாங்கியது. ஆனால் எண் ஏறிவிட்டது என்று வண்டியைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

தொற்றும் புயலும் ஒன்றாக வந்தால்

நம்ம கடற்கரைக்கு வெளியே இருந்து எழுதுகிறவர்கள் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள். 2020 டிசம்பர் முதல் வாரம் புரெவி புயல் இலங்கையைத் தாண்டி மன்னார் வளைகுடாவுக்கு வந்து, பாம்பனுக்குப் பக்கத்திலேயே நகராமல் நின்றுகொண்டது. தனித்திரு, வீட்டிலேயே இரு என்று ஒன்பது மாதமாகச் சொல்லிவிட்டு, இப்போது வீட்டை விட்டு முகாமுக்கு வா என்றார்கள். தனுஷ்கோடி கதையைக் கேட்டு வளர்ந்த ஊர், 1964 டிசம்பர் புயலை யாரும் மறக்கவில்லை, அதனால் பெரியவர்கள் ஒரு வார்த்தை எதிர்ப் பேசாமல் கிளம்பிவிட்டார்கள். ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் நாங்கள் இரண்டு ராத்திரி இருந்தோம்.

புயலா தொற்றா என்று வந்தால் புயலிலிருந்துதான் முதலில் தப்ப வேண்டும், இதில் யோசிக்க எதுவும் இல்லை, முகாமுக்குப் போங்கள். போகும்போது எடுத்துப்போகிற பையில் வழக்கமான ரேஷன் கார்டு, ஆதார், டார்ச், மாத்திரை இவற்றோடு ஆளுக்கு நாலு முகக்கவசம் (நனையாமல் பாலித்தீன் பையில்), சோப்பு, சொந்தப் பாய், சொந்தத் தம்ளர். முகாமில் நுழைந்ததும் ஓடிப்போய்க் கதகதப்பான மூலையைப் பிடிக்காதீர்கள், காற்று அடிக்கிற பக்கத்துக்கு மறுபக்கம் இருக்கிற ஜன்னல் ஓரத்தைப் பிடியுங்கள், மழைச் சாரல் அந்தப் பக்கம் வராது, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கலாம். ஒரு குடும்பம் ஒரு பாய்க் கூட்டமாக இருந்து, அடுத்த குடும்பத்துக்கு இடையில் ஒரு பாய் அகலம் காலியாக விடுங்கள். அதுவும் இடம் இல்லையென்றால் ஒருவர் தலை பக்கம் அடுத்தவர் கால் வருகிற மாதிரி மாற்றி மாற்றிப் படுங்கள், முகத்துக்கு முகம் ஐந்தடி கிடைத்துவிடும். இருமல் இருக்கிறவர்களுக்கு ஒரு வகுப்பறையைத் தனியாக விடச் சொல்லி வந்த உடனேயே கேளுங்கள், எல்லாரும் படுத்த பிறகு கேட்டால் நடக்காது. சாப்பாட்டை ஒரே இடத்தில் வரிசையில் நின்று வாங்காமல் ஒரு குடும்பத்துக்கு ஒரு ஆள் வாங்கி வரட்டும். வீடு திரும்பிய பிறகு பத்து நாள் உங்கள் பெரியவர்களைத் திண்ணைப் பக்கம் படுக்க வைத்துக் கொஞ்சம் கவனியுங்கள்.

நல்லது கெட்டது

கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம் அல்லது வாசலிலேயே முடிக்கலாம். 2020-ல் 50 பேருக்குத்தான் அனுமதி, துக்கத்துக்கு 20 பேர். துக்கத்தைத் தள்ளிப்போட முடியாது, அதுதான் எல்லாவற்றிலும் வலித்தது. கட்டிப்பிடித்து அழுகிற ஊர் நாம். எட்ட நின்று கை கூப்பிவிட்டுப் போகச் சொல்வது கொடுமை, ஆனாலும் ஒரே சாவு வீட்டிலிருந்து அடுத்தடுத்து மூன்று சாவு போனதை இந்தக் கரையில் பார்த்தோம். சொந்தக்காரர்களுக்கு நேரம் பிரித்துக் கொடுங்கள், உடலை உள்ளே வைக்காமல் பந்தலில் வையுங்கள், வர முடியாதவர்களுக்கு வீட்டு ஆளே போன் போட்டுச் சொல்லுங்கள். முப்பதாம் நாள் முடிந்ததும் மறந்துவிடாமல், நிலைமை சரியான பிறகு அந்த வீட்டுக்கு ஒரு நடை போய் உட்கார்ந்து வாருங்கள், விட்டுப்போன துக்கத்தை எத்தனை மாதம் கழித்தும் விசாரிக்கலாம்.

சாமி கும்பிடுவதும் அப்படித்தான், வழி இருக்கிறது. 2020 நோன்பு முழுக்க ஊரடங்கில் போனது, பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்ச முடியாமல் அரிசியை வீடுகளுக்குக் கொடுத்தார்கள், அவரவர் வீட்டில் காய்ச்சினார்கள். 2021-ல் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா இல்லை. அக்னி தீர்த்தத்தில் ஆடி அமாவாசைக்கு இறங்க முடியாதவர்கள் வீட்டு வாசலிலேயே எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள்.

பிள்ளைகளும் பெரியவர்களும்

பிள்ளைகளுக்கு 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தது. செல்போன் ஒன்று, பிள்ளைகள் மூன்று என்றால் கல்வித் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு, அதில் பார்த்ததை உங்களுக்குத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எழுத்து மறந்துபோவதுதான் சீக்கிரம் நடக்கும், தினமும் ஒரு பக்கம் எழுதவையுங்கள், வேறு எதுவும் முடியாவிட்டாலும் அதை விடாதீர்கள். காலையிலும் மாலையிலும் அலைக்கரையில் ஓடவிடுங்கள். அங்கே தொற்று பரவ வாய்ப்பு மிகக் குறைவு, நாலு சுவருக்குள் அடைத்து வைத்துப் பைத்தியம் பிடிக்கவைக்க வேண்டிய அவசியமே இல்லை.

பெரியவர்களை ஒதுக்கி வைக்கிறபோது "உங்களால வராம இருக்க" என்று சொல்லாமல் "எங்களால உங்களுக்கு வந்துடக் கூடாது" என்று சொல்லுங்கள். என் அப்பத்தா ஒரு மாதம் முற்றத்தில் உட்கார்ந்து யாரோடும் பேசாமல் வலை முடிச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் தினமும் மாலை ஆறு மணிக்கு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு பேரனோ பேத்தியோ அவளிடம் ஒரு கதை கேட்க வேண்டும் என்று முறை வைத்தோம். ஐந்தே முக்காலுக்கே தலை சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். நேரம் குறித்த பேச்சுதான் உதவுகிறது, "எப்ப வேணா கூப்பிடுங்க" என்றால் யாரும் கூப்பிடுவதில்லை.

குடிக்கிற ஆண்கள் உள்ள வீட்டுக்கு ஒன்று. கடை மூடி, திடீரென்று நிறுத்த வேண்டி வந்தால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், உளறல், வலிப்பு வரலாம், அது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நோய், வைது திருத்துகிற விஷயம் இல்லை. வீட்டுக்குள் அடி உதை என்றால் 181. மனசு தாங்கவில்லை, தூக்கமில்லை, செத்துவிடலாம் போல இருக்கிறது என்றால் 14416, இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள்.

தடுப்பூசி வந்ததும் உங்கள் முறை வந்த அன்றைக்கே போட்டுக்கொள்ளுங்கள். 2021 ஜனவரி 16-ல் தொடங்கியும் நம்ம பக்கம் பல பேர் வதந்திக்குப் பயந்து மே மாதம் வரை தள்ளிப்போட்டார்கள். ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் அடிக்கலாம், அதனால் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்துப் படகு ஆட்கள் எல்லாரும் ஒன்றாகப் போய்ப் போட்டுவிடுங்கள்.

கட்டுப்பாட்டைத் தளர்த்துகிறபோதும் ஒன்றொன்றாகத் தளர்த்துங்கள். முதலில் வெளியிடத்தில் சேர்வது, இரண்டு வாரம் கழித்து இன்னொரு வீட்டைச் சேர்த்துக்கொள்வது, மூடிய மண்டபமும் ஏசி பஸ்ஸும் கடைசி.

இப்போதே ஒரு தாளை எடுங்கள். 108, 104, 181, 14416, ஊர் செவிலியர் நம்பர், ஆக்சிமீட்டர் இருக்கிற வீட்டு நம்பர், நடு ராத்திரி வண்டி எடுக்கிற ஒரு டிரைவர் நம்பர், வீட்டில் யார் யாருக்கு என்ன மாத்திரை என்று எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். பேனாவில் எழுதினால் உப்புக்காற்றின் ஈரத்தில் ஒரு வருடத்தில் கசிந்துவிடும், பென்சிலில் அழுத்தி எழுதுங்கள்.